கிட்டார் கோரஸ் பெடலில் டிலே சிப்பை மாற்றிப் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

9 வோல்ட்டில் இயங்கும் அனலாக் கோரஸ் பெடலைத் தாமே கட்டுகிறவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. வரைபடத்தில் ஒரு டிலே சிப்பின் எண் இருக்கிறது, கையில் கிடைத்திருப்பதோ வேறொரு எண். அந்த நிலையில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, மாற்றினால் வேறு எவற்றையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும் என்பவையே இங்குள்ள கேள்விகள். பேச்சு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான எடுத்துக்காட்டுகளை பாஸ் நிறுவனத்தின் சிஇ-2 பெடலின் வழிவந்த சர்க்யூட்டிலிருந்தே எடுத்திருக்கிறேன். அதில் இருப்பது எம்என்3007 டிலே சிப்பும் எம்என்3101 க்ளாக் சிப்பும்.

கோரஸ் பெடலில் டிலே சிப் செய்யும் வேலை என்ன?

கிட்டாரின் ஒலியைச் சில மில்லிவிநாடிகள் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்து, தாமதப்பட்டதை அசல் ஒலியோடு கலப்பதுதான் கோரஸ். தாமதம் கூடும்போது சுருதி சற்றே இறங்குகிறது, குறையும்போது சற்றே ஏறுகிறது. அசலும் நகலும் சேர்ந்து ஒலிக்கையில் இரண்டு பேர் ஒரே வரியை வாசிப்பது போன்ற அகலம் கிடைக்கிறது.

இந்தத் தாமதத்தை உண்டாக்குவது ‘பக்கெட் பிரிகேட்’ எனப்படும் வகைச் சிப். கிணற்றிலிருந்து வீட்டு வாசல்வரை வரிசையாக ஆட்கள் நின்று குடத்தைக் கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குள் குடத்தின் இடத்தில் நுண்ணிய மின்தேக்கிகளும், கைகளின் இடத்தில் டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகளும் இருக்கின்றன. ‘இப்போது கொடு’ என்று தாளம் போடுவது க்ளாக் சிப். தாளம் வேகமானால் தண்ணீர் சீக்கிரம் வந்து சேரும், மெதுவானால் தாமதமாகும். ஆகவே தாமதத்தின் அளவை டிலே சிப் தனியாக முடிவு செய்வதில்லை. அதற்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதும், க்ளாக் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. மாற்றுச் சிப் பற்றிய குழப்பங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

3007 சிப்பை ஏன் எல்லோரும் தேடுகிறார்கள்? அது ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

பக்கெட் பிரிகேட் முறையை 1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டரும் டீரும் உருவாக்கினார்கள். அதை இசைக்கருவிகளில் பரவலாக்கிய சிப்கள் பெரும்பாலும் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்திலிருந்து, அதாவது பானாசோனிக்கிலிருந்து, எம்என்3000 வரிசையாக வந்தன. 1976-இல் வெளிவந்த பாஸ் சிஇ-1 பெடலில் 512 படிகள் கொண்ட எம்என்3002 இருந்தது. 1979-இல் வந்த சிஇ-2 பெடலில் 1024 படிகள் கொண்ட எம்என்3007 இடம்பெற்றது. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ஸ்மால் க்ளோன் பெடலும் இதே 3007-ஐக் கொண்டதுதான். பலரும் விரும்பிக் கட்டும் வரைபடங்கள் இவற்றிலிருந்து பிறந்தவை என்பதால் அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது.

அசல் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. இன்று கிடைப்பவை பழைய இருப்பு, பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவை, பின்னாளில் பிறர் தயாரித்தவை, மேலே எண்ணை மட்டும் மாற்றி அச்சிட்ட போலிகள் ஆகியவையே. குறைந்த மின்னழுத்தத்துக்காகப் பின்னர் வந்த எம்என்3200 வரிசையின் நகல்களோ இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஷாங்காய் பெல்லிங் தயாரித்த பிஎல்3207, கூல்ஆடியோவின் வி3207 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஆகவே நடைமுறையில் எழும் கேள்வி பெரும்பாலும் ‘3007-க்குப் பதில் 3207 போடலாமா?’ என்பதுதான்.

சரி, போடலாமா? இரண்டிலும் 1024 படிகள், இரண்டுக்கும் எட்டுக் கால்கள், கால்களின் பெயர்களும் ஒன்றுதானே?

அப்படியே செருகக் கூடாது. செருகினால் சிப் கெட்டுப்போகும். பெயர்கள் ஒன்றாக இருப்பதுதான் இங்கே ஆபத்து.

இரண்டிலும் 1ஆம் கால் ‘கிரவுண்ட்’ என்றும், 5ஆம் கால் ‘விடிடி’ (மின்சாரம் கொடுக்கும் கால்) என்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் 3007 பி-சேனல் வகை. அதன் விடிடி என்பது எதிர்மறை மின்னழுத்தம், டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) மைனஸ் 15 வோல்ட். நேர்மறை 9 வோல்ட்டில் இயங்கும் பெடலில் இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ‘கிரவுண்ட்’ எனப்படும் 1ஆம் காலை பிளஸ் 9 வோல்ட்டிலும், ‘விடிடி’ எனப்படும் 5ஆம் காலைப் பெடலின் கிரவுண்டிலும் இணைக்க வேண்டும். சிஇ-2 வழி வரைபடங்கள் எல்லாமே அப்படித்தான் செய்கின்றன. 3207 என்-சேனல் வகை. அதன் 1ஆம் கால் உண்மையான கிரவுண்டுக்கும், 5ஆம் கால் பிளஸ்ஸுக்கும் போக வேண்டும். ஆக, 3007-க்கான சாக்கெட்டில் 3207-ஐச் செருகுவதும், பேட்டரியைத் தலைகீழாகப் போடுவதும் ஒன்று.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதைச் செய்தேன். மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் சிப்பின் முதுகில் விரல் வைக்க முடியாத சூடு. சாதாரணமாக வேலை செய்யும் டிலே சிப் தொட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியாத அளவுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும். கை வைத்துச் சூடு தெரிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். மறுபடி ஒருமுறை முயன்று பார்க்க வேண்டாம்.

அப்படியானால் 3007 போர்டை 3207-க்கு மாற்றுவதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும்?

முதலில் என் கருத்து: போர்டு இன்னும் வாங்கப்படவில்லை என்றால் மாற்றும் வேலையில் இறங்காமல், 3207-க்கென்றே வரையப்பட்ட சர்க்யூட்டைக் கட்டுங்கள். இபனேஸ் சிஎஸ்9 பெடல் 3207-உம் அதன் க்ளாக் சிப்பான 3102-உம் கொண்டே வந்தது. அந்த வழியில் வரையப்பட்ட போர்டுகள் ஏராளமாக இருக்கின்றன. போர்டு கைக்கு வந்து பாதி சால்டரும் செய்தாகிவிட்டது என்றால் மட்டும் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

டிலே சிப்பையும் க்ளாக் சிப்பையும் ஒரு ஜோடியாகவே எண்ண வேண்டும். 3007-க்கு 3101, 3207-க்கு 3102. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றுவதே பாதுகாப்பு. காரணம் க்ளாக் துடிப்பு மட்டுமல்ல. 4ஆம் காலுக்குத் தேவையான ‘விஜிஜி’ என்ற துணை மின்னழுத்தத்தையும் க்ளாக் சிப்தான் தயாரித்துத் தருகிறது. அது விடிடியின் பதினைந்தில் பதினான்கு பங்கு. 9 வோல்ட்டில் 3207-க்கு அது கிரவுண்டிலிருந்து ஏறத்தாழ 8.4 வோல்ட்டாக இருக்கும். 3007-க்கோ தலைகீழாக, கிரவுண்டுக்கு மேலே 0.6 வோல்ட் மட்டுமே இருக்கும். இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொண்டால், மல்டிமீட்டரை 4ஆம் காலில் வைத்த கணத்திலேயே இணைப்புச் சரியா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, 1ஆம் காலுக்கும் 5ஆம் காலுக்கும் போகும் செம்புப் பாதைகளை வெட்டி, கம்பி வைத்து இடம் மாற்ற வேண்டும். பலர் மறப்பது 7ஆம், 8ஆம் கால்களை. இந்த இரண்டும் வெளியீடுகள். 7ஆம் காலில் 1024ஆவது படியும், 8ஆம் காலில் 1025ஆவது படியும் வெளிவருகின்றன. இவற்றின் சுமை ரெசிஸ்டர்கள் 1ஆம் கால் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே போக வேண்டும். 3007 போர்டில் அவை பிளஸ் 9 வோல்ட்டுக்குப் போயிருக்கும், 3207-க்குக் கிரவுண்டுக்குப் போக வேண்டும். இதை மாற்றாமல் விட்டுவிட்டு, ‘சிப் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒலி வரவில்லை’ என்று நாள்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

க்ளாக் சிப்பின் மின்சாரக் கால்களை அதற்குரிய டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள். டிலே சிப்பின் அருகில் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி இருந்தால், நேர்மின்னழுத்த (டிசி) நிலைகள் மாறியிருப்பதால் அதன் திசையும் சரியாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். க்ளாக்கின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரையும் மின்தேக்கியையும் மாற்ற வேண்டியதில்லை. படிகளின் எண்ணிக்கை சமம் என்பதால் தாமதமும் ஏறத்தாழ அதே அளவில் வரும்.

மின்னழுத்தத்தில் வேறு கவனம் தேவையா?

தேவை. 3207 வரிசைக்கு 4 முதல் 10 வோல்ட் வரைதான் வேலை செய்யும் எல்லை. 9 வோல்ட் பேட்டரி அல்லது ரெகுலேட் செய்யப்பட்ட 9 வோல்ட் அடாப்டர் என்றால் கவலை இல்லை. ஆனால் ரெகுலேட்டர் இல்லாத பழைய அடாப்டர்கள், உடலில் 9 என்று அச்சிட்டிருந்தாலும், கோரஸ் பெடல் போன்ற சிறிய சுமைக்கு 12 வோல்ட்டுக்கு மேலும் கொடுக்கக்கூடியவை. 3007 அதைத் தாங்கிக்கொள்ளும், 3207 தாங்காது. 18 வோல்ட்டில் பெடலை ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் டிலே சிப்புக்கும் க்ளாக் சிப்புக்கும் மட்டும் தனியாக ஒரு ரெகுலேட்டர் வைக்க வேண்டும். 78எல்05 வைத்தால் 5 வோல்ட் கிடைக்கும், பாதுகாப்பாகவும் இருக்கும். ஆனால் ஒலி வெட்டுப்படாமல் ஏறி இறங்கக் கிடைக்கும் இடம் குறையும். அதைப் பற்றிக் கீழே பேசியிருக்கிறேன்.

3101-உம் இல்லை, 3102-உம் இல்லை. 4047 போன்ற சாதாரண சிப்பை க்ளாக்காக வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஸ்மால் க்ளோன் பெடலே சிடி4047-ஐக் கொண்டுதான் தன் 3007-ஐ ஓட்டுகிறது. 4047-இன் 10ஆம், 11ஆம் கால்கள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு துடிப்புகளைத் தருகின்றன. டிலே சிப்பின் 2ஆம், 6ஆம் கால்களுக்கு வேண்டியதும் அதுவே. இந்த இரண்டில் எது எங்கே என்பது இடம் மாறினாலும் தாமதம் மாறாது.

அதன் துடிப்பு நேரம் 4.4-ஐ ரெசிஸ்டராலும் மின்தேக்கியாலும் பெருக்கிய அளவு. 100 பிகோஃபாரட் வைத்து 50 கிலோஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் ரெசிஸ்டர் ஏறத்தாழ 45 கிலோஓம் வர வேண்டும். விஜிஜி மட்டும் 4047-இலிருந்து கிடைக்காது. அதை நீங்களே இரண்டு ரெசிஸ்டர்களால் பிரித்துக்கொள்ள வேண்டும். 3207-க்கு பிளஸ்ஸிலிருந்து 4ஆம் காலுக்கு 10 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 150 கிலோஓம், அதன்மேல் ஒரு 100 நானோஃபாரட் மின்தேக்கி என்றால் வேண்டிய பங்கு கிடைத்துவிடும். 3007-க்கு இந்த இரண்டு ரெசிஸ்டர்களும் இடம் மாறும்.

ஒரு நிபந்தனை முக்கியமானது. க்ளாக் சிப்பும் டிலே சிப்பும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். டிலே சிப்பை 5 வோல்ட்டிலும் 4047-ஐ 9 வோல்ட்டிலும் வைத்தால், துடிப்பின் உச்சி டிலே சிப்பின் எல்லையைத் தாண்டிப் போய்விடும்.

1024 படிகளுக்குப் பதிலாக 2048 அல்லது 512 படிகள் கொண்ட சிப் கிடைத்தால் பயன்படுத்தலாமா?

இது கணக்கில் முடியும் விஷயம், அந்தக் கணக்கும் எளிது. படிகளின் எண்ணிக்கையை க்ளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். ஒரு க்ளாக் சுழற்சியில் மின்னூட்டம் இரண்டு படிகள் நகர்வதால் அந்த ‘இரு மடங்கு’ வருகிறது. 1024 படிகள், 50 கிலோஹெர்ட்ஸ் என்றால் 10.24 மில்லிவிநாடி. அதே சிப்பில் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 5.12 மில்லிவிநாடி.

2048 படிகள் கொண்ட சிப்களில் 3007 குடும்பத்துக்கு எம்என்3008-உம், 3207 குடும்பத்துக்கு எம்என்3208, பிஎல்3208, வி3208 ஆகியவையும் உண்டு. குடும்பம் மாறாதவரை கால்களின் இணைப்பும் மாறாது, எனவே நேராகச் செருகலாம். அப்படியே விட்டால் தாமதம் இரட்டிக்கும். சிலருக்கு அந்தத் தடித்த, சற்றுத் தள்ளாடும் ஒலி பிடித்துப்போவதும் உண்டு. பழைய ஒலியே வேண்டும் என்றால் க்ளாக்கின் மின்தேக்கியைப் பாதியாக்குங்கள். 100 பிகோஃபாரட் இருந்த இடத்தில் 47 வைத்தால் வேகம் ஏறத்தாழ இரட்டித்து, தாமதம் முன்பிருந்த அளவுக்குத் திரும்பிவிடும். இந்த மாற்றில் ஒரு நன்மையும் இருக்கிறது. க்ளாக் வேகம் காதுக்குக் கேட்கும் எல்லையிலிருந்து இன்னும் தூரமாகப் போவதால், அதை ஒலியிலிருந்து நீக்கும் வடிகட்டிகளுக்கு வேலை குறைகிறது. என் பார்வையில், 1024 கிடைக்காதபோது 2048-ஐ எடுத்துக்கொண்டு மின்தேக்கியைப் பாதியாக்குவதுதான் எல்லா மாற்றுகளிலும் குறைந்த தொல்லை தருவது. 3008-க்கு, க்ளாக் எல்லை 100 கிலோஹெர்ட்ஸ் என்பதை மறக்காமல், கோரஸின் அலைவு (தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்ற இறக்கம்) உச்சியில் அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். 3207-இன் எல்லை 200 கிலோஹெர்ட்ஸ்.

512 படிகளுக்கு இறங்குவது எதிர்த்திசை, அதை நான் விரும்புவதில்லை. அதே 10.24 மில்லிவிநாடிக்கு க்ளாக்கை 25 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். க்ளாக் வேகத்தில் பாதிக்கு மேலுள்ள ஒலிகள் மடிந்து, பொருந்தாத சுருதிகளாக உள்ளே திரும்பி வரும். அலைவின் அடியில் க்ளாக் மேலும் இறங்கும்போது மெல்லிய விசில் காதில் விழும். வடிகட்டிகளை இன்னும் கீழே, இன்னும் செங்குத்தாக வெட்டும்படி மாற்றினால்தான் சமாளிக்க முடியும். அப்போது கோரஸின் பளபளப்பே போய்விடும்.

4096 படிகள் கொண்ட எம்என்3005 எக்கோவுக்கான சிப். அதன் குறைந்தபட்சத் தாமதமே 20.48 மில்லிவிநாடி. விலையும் அதிகம், கோரஸில் அதைப் போடுவது வீண்.

பிஎல், வி என்ற எழுத்துகளில் தொடங்கும் சிப்களும் எம்என்3207-உம் ஒன்றேதானா?

பெடல் கட்டுகிறவர் என்ற முறையில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். கால்கள், மின்னழுத்தம், படிகள் யாவும் அதுவே. பயஸ் ட்ரிம்மரை (உள்ளீட்டின் அடிப்படை மின்னழுத்தத்தை அமைக்கும், திருகக்கூடிய சிறிய ரெசிஸ்டரை) மட்டும் ஒவ்வொரு சிப்புக்கும் புதிதாக அமைக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிப்களுக்கிடையேகூட அது மாறும்.

3007-இலிருந்து 3207-க்கு மாறினால் ஒலி கெட்டுவிடுமா?

டேட்டாஷீட்டில் 3007-இன் ஒலிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 80 டெசிபல், 3207-இன் விகிதம் 73 டெசிபல். 3007 ஏற்கும் உள்ளீடு 1.5 வோல்ட் வரை, 3207 ஏற்பது 0.36 வோல்ட் வரை. இதைப் பார்த்துப் பலர் மனம் தளர்கிறார்கள். ஆனால் 3007-இன் எண்கள் 15 வோல்ட்டில் அளக்கப்பட்டவை, 3207-இன் எண்கள் 5 வோல்ட்டில் அளக்கப்பட்டவை. உங்கள் பெடலில் இரண்டுமே 9 வோல்ட்டில் ஓடுகின்றன. அங்கே 3007 தன் முழுத் திறனைக் காட்டுவதில்லை, 3207-க்கோ தாராளமான இடம் கிடைக்கிறது. ஆகையால் இடைவெளி காகிதத்தில் தெரியும் அளவுக்கு நிஜத்தில் இருக்காது.

கோரஸின் குணத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சிப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் வடிகட்டிகள், உயர் ஒலிகளை முன்னே தூக்கிப் பின்னே இறக்கும் எம்ஃபசிஸ் பகுதி, அலைவின் வடிவம் ஆகியவையே. சிப்பின் பெயரில் மட்டும் மந்திரம் இருப்பதாக நம்பி, பழைய இருப்புக்குப் பல மடங்கு பணம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல மின்தேக்கிகளும் ஒரு சிறிய ஆசிலோஸ்கோப்பும் வாங்கிவிடலாம்.

ஹம்பக்கர் பிக்கப் கொண்ட கிட்டாரில் பலமாக ஸ்ட்ரம் செய்யும்போது மட்டும் கரகரப்பு வந்தால், சிப்புக்கு முன்னுள்ள ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பின் பெருக்கத்தைக் குறைத்து, பின்னால் கலக்கும் இடத்தில் அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள். இரைச்சல் கொஞ்சம் கூடும் என்பதால் கொஞ்சம் மட்டும் குறைத்து நிறுத்துங்கள்.

புதிய சிப்புக்குப் பயஸ் ட்ரிம்மரை எப்படி அமைப்பது?

3ஆம் காலுக்கு வரும் ஒலி ஒரு நேர்மின்னழுத்தத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மின்னழுத்தத்தைத்தான் பயஸ் என்கிறோம். பெரும்பாலும் அது மின்சார அளவின் பாதியை ஒட்டியே இருக்கும், ஆனால் சரியான இடத்தைச் சிப்தான் சொல்லும். பயஸ் தப்பினால் ஒன்று ஒலியே வராது, அல்லது அலையின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டுக் கிழிந்த ஒலி வரும்.

ஆசிலோஸ்கோப் இருந்தால் 400 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சைன் அலையைக் கொடுத்து, வெளியீட்டைப் பார்த்தபடியே உள்ளீட்டைக் கூட்டி, மேலும் கீழும் ஒரே நேரத்தில் தட்டையாகும்படி ட்ரிம்மரைத் திருப்பினால் வேலை முடிந்தது.

கருவி இல்லாதவர்களுக்குக் காதே போதும், கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும். கலக்கும் இடத்தில் அசல் ஒலி வரும் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு, தாமதப்பட்ட ஒலி மட்டும் கேட்கும்படி செய்யுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். அசல் ஒலி கூடவே இருந்தால் கரகரப்பு அதன் கீழே மறைந்துவிடும், பயஸ் சரியென்று ஏமாந்துபோவீர்கள். பிறகு தடித்த கம்பியைப் பலமாக மீட்டியபடி ட்ரிம்மரை ஒரு முனையிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி கரகரப்போடு உள்ளே வரும், பிறகு தெளியும், மேலும் திருப்பினால் மறுபடி கரகரக்கும். முதல் கரகரப்பு மறைந்த இடத்தையும் இரண்டாவது தொடங்கிய இடத்தையும் ட்ரிம்மரில் பேனாவால் குறித்து, நடுவில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் 3ஆம் காலின் மின்னழுத்தத்தை அளந்து பெட்டியின் உள்மூடியில் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் ட்ரிம்மர் தட்டுப்பட்டு நகர்ந்தால் அது உதவும்.

எல்லாம் பொருத்தியும் கோரஸ் கேட்கவில்லை, அசல் ஒலி மட்டுமே வருகிறது. எங்கிருந்து தேடுவது?

மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தத்தில் வைத்து டிலே சிப்பின் கால்களை அளவெடுங்கள். 9 வோல்ட்டில் ஓடும் 3207 என்றால் 5ஆம் காலில் ஏறத்தாழ 9, 4ஆம் காலில் 8.4, 1ஆம் காலில் சுழி இருக்க வேண்டும். 2ஆம், 6ஆம் கால்களில் பாதி மின்னழுத்தம், அதாவது 4.5 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அங்கே உண்மையில் இருப்பது மேலும் கீழும் சமநேரம் அடிக்கும் சதுர அலை, மீட்டர் அதன் சராசரியைக் காட்டுகிறது. பாதிக்குப் பதில் முழு 9 அல்லது சுழி தெரிந்தால் க்ளாக் ஓடவில்லை என்று பொருள். டிலே சிப்பைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். க்ளாக் சிப்பின் ஓஎக்ஸ் கால்களில் (வேகத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரும் மின்தேக்கியும் இணையும் கால்களில்) மீட்டரை வைக்காதீர்கள். மீட்டர்க் கம்பியின் கொள்ளளவே அந்தச் சிறிய மின்தேக்கியோடு சேர்ந்து வேகத்தை மாற்றிவிடும், சில நேரம் நிறுத்தியும்விடும்.

இவை யாவும் சரி என்றால், ஆம்பிளிஃபயரின் உள்ளீட்டுக் கம்பியில் 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்து, அதன் மறுமுனையை 3ஆம் காலிலும், பிறகு 7ஆம், 8ஆம் கால்களிலும் தொட்டுக் கேளுங்கள். 3-இல் ஒலி இருந்து 7, 8-இல் இல்லையென்றால் முதலில் பயஸ், அடுத்துச் சுமை ரெசிஸ்டர், கடைசியாகத்தான் சிப்.

தாமத ஒலி வருகிறது, ஆனால் அலைவு இல்லையென்றால் டிலே சிப்பில் எந்தக் குறையும் இல்லை. அலைவை உண்டாக்கும் ஆப்-ஆம்ப் பகுதியைப் பாருங்கள்.

பின்னணியில் ஒரு மெல்லிய விசில் ஏறி இறங்குகிறது. ஏன்?

க்ளாக் ஒலிப்பாதைக்குள் கசிகிறது. 7ஆம், 8ஆம் கால்களுக்கிடையே சமன் ட்ரிம்மர் இருந்தால் விசில் குறைந்தபட்சம் ஆகும் இடத்தில் வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு படிகள் சேரும்போது க்ளாக் துடிப்பு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதற்காகத்தான் அந்த இரண்டு வெளியீடுகள். டிலே சிப்பின் மின்சாரக் கால்களை ஒட்டி 100 நானோஃபாரட் வையுங்கள். க்ளாக் பாதைகளை உள்ளீட்டுக் கம்பியிலிருந்து விலக்குங்கள். படிகள் குறைந்த சிப்பைப் போட்ட பிறகு வந்த விசில் என்றால், மேலே சொன்னதுபோல் க்ளாக் வேகம் மிகவும் கீழே வந்துவிட்டது.

பிடி2399 மலிவாகக் கிடைக்கிறது. அதை வைத்துக் கோரஸ் செய்ய முடியாதா?

ஆம்பிளிஃபயர் அசெம்பிள் செய்கிறவர்கள் மைக்குக்கான எக்கோ போர்டில் பார்த்துப் பழகிய சிப் அது. பதினாறு கால்கள், 5 வோல்ட், உள்ளே 44 கிலோபிட் நினைவகம். ஒலியை எண்ணாக மாற்றிச் சேமித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் சிப் என்பதால், 3007-இன் இடத்தில் அதைப் போடும் பேச்சுக்கே இடமில்லை. தனிச் சர்க்யூட் வேண்டும்.

அதன் தடை வேறிடத்தில் இருக்கிறது. 6ஆம் காலின் ரெசிஸ்டரை எவ்வளவு குறைத்தாலும் தாமதம் ஏறத்தாழ 30 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காது. அந்த அளவில் காது அதை அகலமாக உணராமல் இரட்டிப்பாக உணரத் தொடங்கிவிடுகிறது. மெதுவான ஆர்பெஜியோவில் அழகாக இருக்கும், வேகமான தாள வாசிப்பில் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். அந்த ரெசிஸ்டரை மிகவும் குறைத்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் சிப் உறைந்துபோவதும் உண்டு. முதல் முறையாகச் சால்டர் பிடிக்கும் மாணவர் பழகுவதற்கு நல்ல சிப்தான், சிஇ-2-இன் ஒலியை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

எஃப்வி-1?

ஸ்பின் செமிகண்டக்டர் தயாரித்த 24 பிட் ஒலிச் செயலி. 3.3 வோல்ட்டில் ஓடுவது, ஒரு விநாடி அளவு தாமத நினைவகம் கொண்டது, உள்ளேயே எட்டு நிரல்கள் உள்ளன. கோரஸ் மிகச் சுத்தமாக வரும். ஆனால் அது வேறு பெடல், டிலே சிப்பின் மாற்று என்ற தலைப்பில் அடங்காது.

போலிச் சிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

அச்சைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் கறுப்புப் பூச்சு உரிந்து, கீழே பழைய எண்ணோ தேய்த்த கீறல்களோ தெரிந்தால் அது போலி. துடைத்தும் ஒன்றும் தெரியாததால் அசல் என்றாகிவிடாது. நம்பகமான சோதனை, நன்றாக வேலை செய்யும் ஒரு பெடலில் சாக்கெட் வைத்து அதில் போட்டுக் கேட்பதுதான். 3007 என்று விற்கப்படுவது உண்மையில் 3207-ஆக இருந்தால், 3007 சாக்கெட்டில் அது சூடாகும். ஆகவே சோதிக்கும்போது பேட்டரிக்கும் பெடலுக்கும் இடையில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் இருபுறமும் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே மின்சாரம் கொடுங்கள். வழக்கத்தைவிட மிக அதிகமாக இறங்கினால் உடனே நிறுத்திவிடலாம், சிப்பும் தப்பிக்கும்.

எழுபதுகளின் பெடல் ஒன்றில் எஸ்ஏடி1024 இருக்கிறது. அதற்கு 3207 மாற்றாகுமா?

ரெட்டிகான் நிறுவனத்தின் அந்தச் சிப்பில் 512 படிகள் கொண்ட இரண்டு பகுதிகள் பதினாறு கால்களில் இருக்கின்றன. நேரடி மாற்று கிடையாது, தனியாக ஒரு சிறிய போர்டு செய்து இணைக்க வேண்டும். மேலும் அது 3207-ஐவிடப் பல மடங்கு வேகமான க்ளாக்கில் ஓடக்கூடியது. ஃப்ளேஞ்சர் என்ற வகைப் பெடல்கள் அந்த வேகத்தையே நம்பியிருக்கின்றன, கோரஸுக்கு அவ்வளவு தேவைப்படாது.

என்னிடம் அசல் சிஇ-2 இருக்கிறது, அதன் 3007 போய்விட்டதென்று நினைக்கிறேன். 3207-க்கு மாற்றிவிடட்டுமா?

வேண்டாம். சொந்தமாகக் கட்டிய போர்டில் செம்புப் பாதையை வெட்டுவது வேறு, நாற்பது ஆண்டுகளைக் கடந்துவந்த பெடலில் வெட்டுவது வேறு. முதலில் மேலே சொன்ன அளவுகளை 3007-க்குரியபடி எடுத்துப் பாருங்கள். 1ஆம் காலில் 9, 5ஆம் காலில் சுழி, 4ஆம் காலில் 0.6, 2-இலும் 6-இலும் பாதி. என்னிடம் ‘டிலே சிப் போய்விட்டது’ என்று வந்த பழைய பெடல்களில் பெரும்பாலானவற்றில் போயிருந்தது காய்ந்த எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியோ, நகர்ந்த பயஸ் ட்ரிம்மரோதான். உண்மையிலேயே சிப் போயிருந்தால் ஒரு சாக்கெட்டை மட்டும் சால்டர் செய்து, சோதித்த 3007 ஒன்று கிடைக்கும்வரை காத்திருங்கள். அதுவரை, 2048 படிகள் கொண்ட 3008 கையில் இருந்தால் அதே சாக்கெட்டில் போட்டு வாசிக்கலாம். தாமதம் இரட்டிப்பாக இருக்கும், பெடலுக்கு ஒரு சேதமும் வராது.